கைமாறி வந்த மாடியூல் இரைந்தால்: கெப்பாசிட்டரா, பவர் சப்ளையா, டிரான்ஸ்ஃபார்மரா?

கைமாறி வந்த யூரோரேக் மாடியூல் (ரேக்கில் பொருத்தும் சிந்தசைசரின் தனிப் பகுதி) ஒன்று பொருத்தியதுமே இரையத் தொடங்கினால், கோலாலம்பூரில் வீட்டு ஸ்டூடியோ வைத்திருக்கும் நம் இசைக்காரர்கள் பொதுவாக மூன்று யோசனைகள் சொல்வார்கள். மாடியூலின் கெப்பாசிட்டர்களை மாற்றலாம், ரேக்கின் பவர் சப்ளையை மாற்றலாம், வெளியீட்டில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மின் தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்துவது) சேர்க்கலாம். மூன்றும் வெவ்வேறு பழுதுகளுக்கானவை என்பதால், விலையை ஒப்பிடுவதற்கு முன் இரைச்சலின் சுருதியைக் கவனிக்க வேண்டும்.

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. எர்த் இணைப்புகள் சுற்றாக அமைவதால் எழும் உறுமல் இந்த அதிர்வெண்ணை ஒட்டியது; டியூனரில் ஜி சுரத்துக்குச் சற்று மேலே காட்டும். சுமை மிகுந்த லீனியர் பவர் சப்ளை 100 ஹெர்ட்ஸில், அதாவது ஒரு ஸ்தாயி மேலே, கரகரக்கும். மின்சாரத்தை அதிவேகமாக அணைத்து ஏற்றும் ஸ்விட்ச்சிங் வகை சப்ளையின் கோளாறு மெல்லிய கீச்சொலியாகவோ சீற்றமாகவோ கேட்கும். ஆனால் எர்த் உறுமலிலும் 100 ஹெர்ட்ஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால், ரேக்கோடு இணைந்த லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி அந்தச் சுற்றை அறுத்துப் பார்ப்பது செவியைவிட நம்பகமான சோதனை.

சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் டிரான்ஸ்ஃபார்மரே தீர்வு. அது ஆடியோவை மட்டுமே கடத்தும். நேர்மின்னோட்டம் அதில் கடக்காததால் மாடியூல்கள் ஒன்றையொன்று இயக்க அனுப்பும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துக்கு உதவாது. யூரோரேக்கின் ஏறக்குறைய 10 வோல்ட் வீச்சை நேரடியாகக் கொடுத்தால், சிறிய மலிவு டிரான்ஸ்ஃபார்மரில் தாழ்ந்த ஒலிகள் சிதையும். ஆகவே அவுட்புட் மாடியூலில் அளவைக் குறைத்த பிறகே அதை இணைக்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கிவிடும் வழக்கத்தை இதற்கு மாற்றாகக் கருதவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

பவர் சப்ளையை மாற்றுவதுதான் செலவு மிகுந்தது. பல வேளைகளில் அதற்குத் தேவையும் இருப்பதில்லை. எல்லா மாடியூல்களும் +12, −12 வோல்ட் தடங்களில் எடுக்கும் மில்லியாம்பியரைத் தனித்தனியே கூட்டிப் பார்த்து, சப்ளையின் திறனில் கால் பங்காவது மிச்சம் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். விளக்குகள் மினுக்கும் டிஜிட்டல் மாடியூல் பக்கத்தில் இருந்தால், பவரை அணைத்துவிட்டு, இரையும் மாடியூலை சப்ளைக்கு நெருக்கமான இணைப்பிக்கு மாற்றலாம். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு −12 வோல்ட் பக்கம் இருக்கட்டும். எனக்குப் பிடித்த முயற்சி இதுவே, காசு செலவில்லை.

கெப்பாசிட்டர் யோசனைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது, கோலாலம்பூரின் பசார் ரோட்டுக் கடைகளில் உதிரிகள் எளிதாகக் கிடைப்பதால் இருக்கலாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பதால், நம் தட்பவெப்பத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆயினும், புதிய மாடியூல்கள் பலவற்றில் உள்ள பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டிய (SMD) சிறு உதிரிகளைச் சாதாரண சால்டரிங் இரும்பால் எடுப்பது பலகையையே கெடுத்துவிடலாம். பழைய உரிமையாளர் சால்டர் செய்த இடங்களையும் ஈரப்பதத்தில் மங்கிய ஜாக்குகளையும் முதலில் பார்ப்பது மேல். ஜாக்கைக் கையால் அசைத்தால் இரைச்சல் மாறுகிறதென்றால் பழுது பெரும்பாலும் அங்கேதான்.

நண்பரின் ரேக்கில் பொருத்திய பிறகும் மாடியூல் அதே சுருதியில் இரைந்து, ஜாக்குகளும் சால்டரும் ஒழுங்காக இருந்தால்தான் கெப்பாசிட்டர் வாங்கப் போக வேண்டும்.