ஒரு வெள்ளி கிளினிக்கும் 400 வெள்ளி பேக்கேஜும்: விடாத அசதிக்கு எது உருப்படி?

வயது முப்பதைத் தொடவில்லை, சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது, ஆனால் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு நகர மாட்டேன் என்கிறது. இப்படி யாராவது கேஎல்லில், அதாவது கோலாலம்பூரில் இருந்தால் இந்த ரிவியூ அவர்களுக்குத்தான்.

நான் செந்தூலில் இருக்கிறேன். கேஎல்சிசி பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. மஸ்ஜித் ஜாமெக்கில் எல்ஆர்டி ரயில் மாறுவதற்குள் உட்கார இடம் தேட ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், பேரீச்சம்பழம், உப்பு மிளகாய் சுற்றிப் போடுதல் எல்லாம் முடிந்துவிட்டது. ‘இந்த வயசுல என்னடா அசதி, நாங்கெல்லாம் ரெண்டு ஷிப்டு பார்த்தோம்’ என்பது அப்பாவின் நிரந்தர வசனம். அப்புறம்தான் இரண்டு இடங்களில் காட்டினேன். ஒன்று, ஒரு மாலில் இருக்கும் தனியார் லேப்பின் ‘ஃபுல் பாடி’ பேக்கேஜ். இன்னொன்று எங்கள் ஏரியா அரசாங்க கிளினிக், அதாவது கிளினிக் கெசிஹாத்தான். பெயர்களைப் போடப் போவதில்லை. இரண்டு வகையும் ஊர் முழுக்க இருக்கின்றன.

பேக்கேஜ் 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் மேல். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தம், காத்திருக்கவே வேண்டாம், ரத்தம் எடுத்த மிஸ்ஸிக்கு அப்படி ஒரு கைராசி, ஊசி போனதே தெரியவில்லை. முடிந்ததும் பாக்கெட் மைலோ கொடுத்தார்கள். ரிப்போர்ட் இரண்டு மூன்று நாளில் வாட்சாப்பில் வந்துவிட்டது. 60க்கு மேற்பட்ட பரிசோதனைகள், பளபளப்பான பிடிஎஃப், அதில் சில எண்கள் சிவப்பில்.

அந்தச் சிவப்பில்தான் பிரச்சினை. ரிப்போர்ட்டை விளக்க வந்தவர் டாக்டர் இல்லை, ‘கன்சல்டன்ட்’ என்று சட்டையில் குத்தியிருந்தார். எம்சிவி குறைவு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களின் அளவு சிறியது, ஆகவே ரத்தசோகை, ஆகவே இரும்புச் சத்து மாத்திரை, இதோ மூன்று மாத செட், இன்றைக்கு வாங்கினால் கழிவு (தள்ளுபடி) உண்டு. இவ்வளவும் ஒரே மூச்சில். என்ன சாப்பிடுகிறேன், எப்படித் தூங்குகிறேன், எப்போதிலிருந்து இப்படி என்று ஒரு கேள்வி கிடையாது. கழிவு இருந்தும் செட்டின் விலை பேக்கேஜின் விலையைத் தொட்டது.

அந்தப் பட்டியலில் சிஇஏ, ஏஎஃப்பி போன்ற புற்றுநோய்க் குறியீடுகளும் இருந்தன. கேட்டால் எல்லாப் பேக்கேஜிலும் இருக்கிறது என்கிறார்கள். உண்மைதான், இருக்கிறது. ஆனால் அறிகுறியும் தனிப்பட்ட ஆபத்தும் இல்லாத ஆளுக்குப் புற்றுநோயைத் தேட அவற்றைச் செய்யச் சொல்லி எந்த மருத்துவ வழிகாட்டியும் சொல்வதில்லை. கல்லீரலில் அழற்சி இருந்தாலும் ஏறும், சிகரெட் பிடித்தாலும் சிஇஏ ஏறும். பட்டியல் நீளமாக இருந்தால்தான் 400 வெள்ளி நியாயமாகத் தெரியும் என்பது என் கணக்கு.

வருமான வரிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: முழு உடல் பரிசோதனைக்கு 1,000 வெள்ளி வரை வரிச் சலுகை உண்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வருமானத்திலிருந்து கழிபடும் தொகை, அந்த 400 வெள்ளி அப்படியே கைக்குத் திரும்பாது. ஆபீசில் ஆளாளுக்கு ‘வரியில வந்துடும்’ என்கிறார்கள், வராது.

மாத்திரை செட்டை வாங்காமல் பிடிஎஃப்பை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக் கிளம்பினேன்.

இங்கே கட்டணம் 1 வெள்ளி. டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து, குடிமக்களுக்கு. மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் செயலியில் அப்பாயிண்ட்மென்ட் போடலாம் என்பார்கள். நான் பார்த்தபோதெல்லாம் நிரம்பியிருந்தது. நேரில் போய் நம்பர் எடுத்தேன். நாற்காலி முதுகை ஒடிக்கும். டிவியில் ஏதோ மலாய் நாடகம் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருந்த ஆன்ட்டி, ‘தம்பி, பிரஷரா சுகரா?’ என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும் அவருக்கு ஏமாற்றம். உண்மையில் அந்தக் கூடத்தில் என் வயதுக்காரர்கள் குறைவு. இலவசப் பரிசோதனைத் திட்டங்களும் எங்களுக்கானவை இல்லை: குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 என்பது 40 வயதுக்கு மேல், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் பரிசோதனைத் திட்டமும் 40க்கு மேல்தான். 27 வயதுக்காரன் அசதி என்று போனால் அவனுக்கென்று தனி வரிசை கிடையாது.

காத்திருப்பு கொடுமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறைக்குள் போனதும் கதை மாறியது.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. பிடிஎஃப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். உட்கார்ந்தால் கண் சொருகுகிறதா, இல்லை தூக்கம் வராமலே உடம்பு மட்டும் ஓய்ந்துபோகிறதா? குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று வருவதாக வீட்டில் யாராவது சொன்னார்களா? எடை குறைந்ததா, இரவில் வேர்க்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்ததா? கடைசி இரண்டும் காசநோய்க்காக. சைவமா என்று கேட்டார், பி12 எண்ணைத் தேடிப் பார்த்தார், நன்றாக இருந்தது.

பிறகு, பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்து, சக்தி மாத்திரை, ‘ஆண்களுக்கான’ காப்பி மிக்ஸ் ஏதாவது குடிக்கிறீர்களா என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட சில பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. குடிக்கும்வரை தெம்பாக இருக்கும். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப்போகும். நிறுத்தியதும் ஆள் படுத்துவிடுவான். பாட்டிலில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள் என்றார்.

மனநிலை பற்றியும் ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். முகம் சுளித்தேன். ‘இதையும் பார்க்காமல் விட்டால் நான் வேலையை அரைகுறையாகச் செய்கிறேன் என்று அர்த்தம்’ என்றார். நிரப்பிக் கொடுத்தேன். மதிப்பெண் குறைவுதான், ஆனால் கேட்ட விதம் பிடித்திருந்தது.

அதற்கப்புறம்தான் சிவப்பு எண்கள். ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினர் எந்த எல்லைக்குள் வருகிறார்களோ, பெரும்பாலும் அதைத்தான் ‘நார்மல்’ என்று அச்சடிக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு குறையும் இல்லாத ஆளுக்கே 20 பரிசோதனைக்கு ஒன்று வெளியே விழும். 60 எடுத்தால் மூன்று சிவப்பு சும்மாவே வரும். அக்கவுண்ட்ஸ்காரனுக்கு இது சட்டென்று உறைத்தது. 400 வெள்ளி வாங்கியவர்கள் இதைச் சொல்லவில்லையே என்று கடுப்பும் வந்தது.

எம்சிவியை மட்டும் அவர் விடவில்லை. ஹீமோகுளோபின் 13க்கு மேல் இருக்கிறது, ஆண்களுக்கு அதற்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சரி. அப்படியிருந்தும் அணுக்கள் சிறியதென்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமக்கும் ‘கேரியரா’ என்று பார்க்க வேண்டும் என்று தனியாக ரத்தம் எடுக்க எழுதினார். முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. கேரியர்தான். பள்ளியிலேயே பாரம் 4 (16 வயது) மாணவர்களுக்கு இந்தப் பரிசோதனை 2016இல்தான் தொடங்கியது. என் தம்பிக்கு எடுத்தார்கள், நான் அதற்கு முன்பே அந்த வகுப்பைத் தாண்டிவிட்டேன்.

‘அப்போ இதுதானா காரணம்?’ என்று ஆவலாகக் கேட்டேன். இல்லையாம். கேரியர்களுக்குப் பொதுவாக எந்தத் தொந்தரவும் இருக்காது. தெரிந்துகொள்ள வேண்டியது வேறு இரண்டு: சேமிப்பு சரியாக இருக்கும்போது இரும்பு மாத்திரை வீண், சும்மா மலச்சிக்கல்தான் மிச்சம். அப்புறம் கல்யாணப் பேச்சு வரும்போது பெண்ணுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஜாதகத்தோடு இந்த ரிப்போர்ட்டையும் வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் சுத்தம். வைட்டமின் டி குறைவு, ஏசிக்குள்ளேயே வேலை பார்க்கும் நகரத்து ஆட்களிடம் இது சகஜம், மாத்திரை எடுங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றார். ஆக, காரணம் இன்னும் தெரியவில்லை. இதை அவர் வாய்விட்டுச் சொன்னார்: ‘உங்கள் அசதி உண்மை. காரணம் எனக்கு இப்போது தெரியவில்லை.’ இவ்வளவு நாளில் யாரும் இந்த இரண்டு வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னதில்லை.

ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எப்போது படுத்தேன், எழுந்தேன், என்ன வேலை செய்தேன், மறுநாள் எப்படி இருந்தது. அதில்தான் ஒன்று தெரிந்தது. சனிக்கிழமை இரவு ஃபுட்சால் ஆடினால் ஞாயிறு ஒன்றும் ஆகாது, திங்கள்தான் அடி விழும். உழைப்புக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து உடம்பு சரிவதை டாக்டர் முக்கியமாக எடுத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு மேல் நீளும் அசதியில், மற்ற காரணங்களையெல்லாம் பார்த்த பிறகு, எம்இ அல்லது நாள்பட்ட அசதி நோய் என்று யோசிக்க வைக்கும் அடையாளங்களில் அது முதன்மையானது. எனக்கு அந்தப் பெயரை அவர் வைக்கவில்லை, இன்னும் கவனிப்போம் என்றார். ஆனால் ‘ஜிம்முக்குப் போய் ஓடினால் சரியாகிவிடும்’ என்று சொல்லவும் இல்லை. மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இந்த நோய்க்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை 2021இல் கைவிட்டது. என் கோச் மாமாவுக்கு இதை யார் புரியவைப்பது?

இப்போது ஃபுட்சால் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் தே தாரிக் டீ இல்லை. மாத முடிவு கணக்கைக் கடைசி இரண்டு நாளில் குவிக்காமல் முன்கூட்டியே பிரித்துக்கொள்கிறேன். வேலைச் சட்டத்தில் 2023 முதல், நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். டாக்டரின் மெமோவோடு கொடுத்தேன், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை கிடைத்தது. திங்கட்கிழமைகள் பரவாயில்லை. குணமானேன் என்று சொல்ல மாட்டேன்.

குறைகள்? ஒரே டாக்டர் கிடைப்பது அதிர்ஷ்டம். ஒருமுறை வேறொருவர் வந்து நோட்டைத் திறக்காமலே ‘ஸ்ட்ரெஸ்’ என்று எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதிக் கொடுத்துவிட்டார். தூக்கப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை மாதக்கணக்கில். கவுண்டர் பேச்செல்லாம் மலாயில் வேகமாகப் போகும். வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து அம்மா, ‘ஒரு மாத்திரைகூடக் குடுக்கலையா? அப்புறம் என்ன டாக்டர்?’ என்று கேட்டதையும் குறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்: பேக்கேஜுக்கு 5க்கு 2, அதுவும் மிஸ்ஸியின் கைக்காக. கிளினிக்குக்கு 4.

போகிறவர்களுக்கு: பெரிய கிளினிக்குகளில் எஃப்எம்எஸ் என்ற குடும்ப மருத்துவ நிபுணர் இருப்பார், இரண்டு மூன்று தடவை போயும் ஒன்றும் நகரவில்லை என்றால் அவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தானாக அனுப்ப மாட்டார்கள். பழைய ரிப்போர்ட் எதுவானாலும் பேப்பரில் கொண்டு போங்கள். டாக்டரின் அறை எண்ணைக் குறித்துவைத்து அடுத்த தடவை அதையே கேளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மதியம் 12.15க்குக் கவுண்டரை மூடினால் 2.45க்குத்தான் திறப்பார்கள்.