கேரவனுக்குக் காரிலிருந்து கரண்ட்: பழைய ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் என் கேரவனில் (சக்கரம் வைத்த சின்ன வீடு) டிசி-டிசி சார்ஜர்தான் ஓடுகிறது; காரிலிருந்து வரும் வோல்டேஜைச் சரிசெய்து கேரவன் பேட்டரிக்குக் கொடுக்கும் கருவி அது. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். ஆனால் ரிலே என்ற தானியங்கி சுவிட்சே போதும் என்ற நிலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதும் கீழே வரும்.

காரையும் கேரவனையும் மின்சாரத்தால் இணைக்கும் ஐரோப்பிய பாணி 13 பின் சாக்கெட்டில் முதல் எட்டு பின்களும் விளக்கு சமாச்சாரம். நமக்கு வேண்டியவை மிச்சத்தில் இருக்கின்றன. 9ஆம் பின்னில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். பொதுவாக கேரவன் பேட்டரிக்குப் போவது இது. 10ஆம் பின்னில் இஞ்சின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும், அது ஃபிரிட்ஜுக்கு. 9க்கு 13, 10க்கு 11 என்று திரும்பும் எர்த் வயரும் தனித்தனி. சாக்கெட் 13 பின் என்பதாலேயே உள்ளே எல்லா வயரும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். விளக்குக்கு மட்டும் வயர் இழுத்து, 9, 10 இரண்டையும் காலியாக விட்ட சாக்கெட்டுகள் ஏராளம். மூடியைத் திறந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரிலே வழி எளிமையானது. இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ரிலே மூடும், கார் ஆல்டர்னேட்டரும் (இஞ்சின் சுழற்றும் மின் ஜெனரேட்டர்) கேரவன் பேட்டரியும் நேராக இணையும். இஞ்சின் நின்றால் பிரியும். விலை குறைவு, கெட்டுப்போனால் வழியிலேயே மாற்றிக்கொள்ளலாம். பல வருடங்களாக எல்லோரும் இப்படித்தான் ஓட்டினார்கள், குறையொன்றும் இல்லை. ஏனென்றால் அந்தக் கால ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டைச் சுற்றியே நிலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போதைய கார்கள் அப்படியில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரை காரின் கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வோல்டேஜ் 15ஐ நெருங்கும்; கார் பேட்டரி ஓரளவு நிறைந்தபின் சாதாரணமாக ஓடும்போது பன்னிரண்டரைக்கு இறங்கிவிடும். வோல்டேஜைப் பார்த்துத் திறந்து மூடும் வகை ரிலே இங்கே குழம்பிப்போகும். ஏறத்தாழ 13.3இல் மூடி 12.8இல் திறப்பது அதன் சுபாவம். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது பிரிந்துவிடும். இஞ்சின் சிக்னலை வைத்து மூடும் ரிலே என்றால் பிரியாது. ஆனால் வோல்டேஜ் இறங்கிய நேரத்தில் கேரவன் பேட்டரியிலிருந்து கரண்ட் காருக்கே திரும்பி ஓடவும் வாய்ப்புண்டு.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இது மட்டுமல்ல, வயரும்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காரின் முன்னாலிருக்கும் பேட்டரியிலிருந்து கேரவன் ஃபிரிட்ஜ் வரை போக வர 16 மீட்டர் என்று வையுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்தத் தூரத்துக்கு மின்தடை சுமார் 0.11 ஓம். கேஸ், மெயின்ஸ் (வீட்டுக்கு வரும் கரண்ட்), 12 வோல்ட் மூன்றிலும் ஓடும், சூட்டை வைத்துக் குளிரூட்டும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். பெருக்கினால் 1.3 வோல்ட் வயரிலேயே காலி. பிளக், ஃபியூஸ், ரிலே ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கைக் கழற்றும்போது கையில் வெதுவெதுப்பாகத் தெரிந்தால், பச்சை பூத்த ஏதோ ஒரு பின்னில்தான் உங்கள் வோல்டேஜ் சூடாகிக்கொண்டிருக்கிறது.

ஃபிரிட்ஜுக்குள் இருப்பது ஒரு ஹீட்டர். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12க்குப் பதில் 10.5 கிடைத்தால் குறைவது எட்டில் ஒரு பங்கு அல்ல, கிட்டத்தட்ட கால்வாசி. அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் குளிரைத் தக்கவைத்தால் போதும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் மெயின்ஸில் நன்றாகக் குளிரவைத்துவிட வேண்டும்.

பேட்டரிக்கு வேறு மாதிரி கஷ்டம். ஈய அமில பேட்டரி முழுதாக நிறைய 14.4 வோல்ட் அளவு வேண்டும். கேரவன் முனைக்கு வந்து சேரும்போது 13 இருந்தால் அது பாதி வயிற்றுச் சாப்பாடு; எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கடைசிப் பங்கு நிறையாது. அப்படியே விட்டால் சல்பேட் படிந்து ஆயுள் குறையும்.

டிசி-டிசி சார்ஜர் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அதைக் கேரவன் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். உள்ளே 11 வோல்ட் வந்தாலும் சரி, 15 வந்தாலும் சரி, வெளியே பேட்டரிக்குத் தேவையான 14.4ஐக் கொடுக்கும். ஈயமோ லித்தியமோ, அதற்கேற்ற சார்ஜிங் முறையையும் தேர்ந்தெடுக்கலாம். லித்தியத்தில் என் அனுபவம் குறைவு, அதனால் அதைப் பற்றி நீட்டவில்லை.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. வெளியே 14.4 வோல்ட்டில் 20 ஆம்பியர் வேண்டுமென்றால், உள்ளே 11.5 வோல்ட்டில் இழப்பையும் சேர்த்து 28 ஆம்பியர் வரை இழுக்கும். 9ஆம் பின்னுக்குப் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். ஆக, இருக்கிற சாக்கெட்டிலேயே ஓட்ட நினைத்தால் 10 ஆம்பியர் சார்ஜரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் கார் பேட்டரியிலிருந்து தடிமனான தனி வயர், ஆஸ்திரேலியாவில் பரவலாக இருக்கும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக், இரு முனையிலும் பேட்டரியை ஒட்டி ஃபியூஸ். வேலை கூடும், செலவும் கூடும். நான் இதைத்தான் செய்தேன்.

இன்னொரு விஷயம்: சார்ஜரை எப்போது ஆன் செய்வது என்பதை வோல்டேஜிடம் விடாதீர்கள். 10ஆம் பின்னின் கரண்டையே சிக்னலாகக் கொடுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் (நின்றதும் இஞ்சினைத் தானே அணைக்கும் வசதி) உள்ள கார் சாலை சிக்னலில் நிற்கும்போது அந்தப் பின் செத்துப்போகலாம்; சார்ஜரும் சேர்ந்து ஓய்வெடுக்கும், அதனால் நஷ்டமில்லை.

சார்ஜர் பேட்டரியைக் காப்பாற்றும், அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜைக் காப்பாற்றாது. அது 10ஆம் பின்னையே நம்பியிருக்கும். அதனால்தான் நான் வீட்டு ஃபிரிட்ஜ் போல மோட்டாரில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு மாறினேன். ஓடும்போது 4 ஆம்பியர் போல இழுக்கும், நடுநடுவே நிற்கும், கேரவன் பேட்டரியிலேயே ஓடும். இதில் ஒரு முடிச்சு உண்டு. பல கேரவன்களில் இஞ்சின் ஓடும்போது உள்ளே உள்ள 12 வோல்ட் கருவிகளைத் துண்டிக்கும் ஒரு ரிலே இருக்கிறது. கம்ப்ரசர் ஃபிரிட்ஜை அதற்கு முன்னாலேயே, தனி ஃபியூஸோடு பேட்டரியில் இணைக்காவிட்டால், பயணம் முழுக்க ஃபிரிட்ஜ் சும்மா இருக்கும்.

பழைய கார், நிலையான ஆல்டர்னேட்டர், இரவில் மெயின்ஸ் கிடைக்கும் இடத்தில்தான் தங்குவீர்கள், பயணமும் குறுகியது என்றால் ரிலேவை மாற்றாதீர்கள். அந்தப் பணத்தில் பின்களைச் சுத்தம் செய்து, எர்த் வயரை மட்டும் தடிமனாக்கினாலே ஃபிரிட்ஜ் முனையில் அரை வோல்ட் கூடலாம்.