ஆர்ஓ மெஷின்: ஒரு குடம் நமக்கு, மூன்று குடம் சாக்கடைக்கு

போன வாரம் எங்கள் வீட்டு ஆர்ஓ மெஷினுக்கு (குடிதண்ணீரிலிருந்து உப்பை எடுக்கும் மெஷின்) மெம்பரேன் மாற்றினோம், உப்பை வடிகட்டும் சவ்வு அதுதான். அதே வாரம் அடையாறு பக்கம் வீடு மாறிய ஆபீஸ் தோழி, "எந்த ஆர்ஓ வாங்கலாம்? நீதான் ரொம்ப வருஷமா வச்சிருக்கியே" என்று கேட்டாள். சர்வீஸ் பில் கையில் இருந்த நேரம். அந்தக் கடுப்பில் சொல்லியிருந்தால் மெஷினுக்கு அநியாயம் செய்தது போலாகும் என்று ரெண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன். கடுப்பு முழுசாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது சென்னையில், மேடவாக்கம் தாண்டி. எங்கள் அபார்ட்மெண்டுக்கு மெட்ரோ வாட்டர் (மாநகரக் குடிநீர்) இணைப்பு இல்லை. போர் தண்ணீர்தான், கோடையில் லாரி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு கிடந்தது ஞாபகம் இருக்கும். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தச் சமயம் கேன்காரர் நினைத்தால் வருவார், நினைத்தால் போனை எடுக்க மாட்டார். இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறிய கடுப்பில்தான் மறு வருஷம் ஆர்ஓ வாங்கினோம்.

விற்க வந்தவர் ஒரு வித்தை காட்டினார். ரெண்டு டம்ளர் தண்ணீர், ஒன்று எங்கள் போர், இன்னொன்று அவர் பாட்டிலில் கொண்டு வந்த ஆர்ஓ. ரெண்டிலும் கம்பி வைத்த ஒரு கருவியை நிறுத்தி பிளக்கைச் சொருகினார். போர் தண்ணீர் ஒரே நிமிஷத்தில் சாக்கடை நிறத்துக்குப் போய், மேலே நுரை கட்டியது. அவருடையது தெளிவாகவே நின்றது. என் மாமியார் "அய்யய்யோ, இதையா இத்தனை நாள் குடிச்சோம்" என்று உட்கார்ந்துவிட்டார். உண்மையில் அந்தப் பழுப்பில் பாதிக்கு மேல் அந்த இரும்புக் கம்பியே கரைந்து துருவாக இறங்கியதுதான். உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி அரிக்கும். உப்பில்லாத தண்ணீரில் ஓடாது, அதனால் தெளிவாக நிற்கும். ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகைக் கல்லுப்பைப் போட்டு அதே கருவியை வைத்தால் அதுவும் கறுக்கும். இந்த வித்தையை இன்னும் வீடு வீடாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது கம்பியோடு வந்தால் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

மெஷின் நல்ல மெஷின், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் போரின் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பும் தாதுவும் கரைந்திருக்கின்றன என்ற அளவு) 900 சுமாருக்கு இருக்கும். மெம்பரேன் புதுசாக இருக்கும்போது வெளியே வருவது 60. நம் நாட்டுத் தர விதி (ஐஎஸ் 10500) 500 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 600-க்குக் கீழே இருந்தால் ருசி நன்றாக இருக்கும், 1000 தாண்டினால் வாயில் வைக்க முடியாமல் போகும் என்கிறது, டிடிஎஸ்ஸுக்கென்று உடல்நல வரம்பு எதையும் வகுக்கவில்லை. ஆக, எங்கள் 900-ஐக் குடித்து யாரும் சாகப் போவதில்லை. ஆனால் அதில் டிகாக்‌ஷன் போட்டுப் பாருங்கள். காப்பி ஒரு மாதிரி மந்தமாக இருக்கும், சில நாள் பால் திரிந்துவிடும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கல்லு கல்லாக நிற்கும். ஆர்ஓ தண்ணீரில் அதே பருப்பு கையால் மசிகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அந்த மெஷினைக் கும்பிட்டிருக்கிறேன். விசில் குறைந்தது, கேஸும் கொஞ்சம் மிச்சம். கெட்டில் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பும் போயே போச்சு.

கும்பகோணத்துக்காரியான மாமியாருக்கு மட்டும் இன்றுவரை பிடிக்கவில்லை. "சப்புன்னு இருக்குடி" என்பார். மண்பானையில் ஊற்றி, ரெண்டு வெட்டிவேரைப் போட்டு, வாய்க்கு வெள்ளைத் துணியில் வேடு கட்டி வைத்த பிறகுதான் குடிப்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு, 60 டிடிஎஸ்ஸில் ருசி என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. மெஷினில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கிறது, அதைத் திறந்தால் ருசி ஏறும். ஆனால் அது செய்வது என்னவென்றால், மெம்பரேனைத் தொடாத போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடுவது. எதை எடுக்கக் காசு கொடுத்தோமோ அதையே திருப்பி ஊற்றிக்கொள்வது. நான் மூடியே வைத்திருக்கிறேன், மாமியாருக்குப் பானை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மெஷினின் கீழே கால் இஞ்ச் தடிமனில் ஒரு வெள்ளைக் குழாய் தொங்கும். நீளம் சிங்க் வரைக்கும்தான். மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அதிலிருந்து பென்சில் முனை அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கழிவு நீர். எங்கள் மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தால், அந்தக் குழாயில் மூன்று குடம் போகிறது.

கணக்குப் போட்டால் வயிறு எரியும். நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 12 லிட்டர் என்று வையுங்கள். 36 லிட்டர் சாக்கடைக்கு. வருஷத்துக்கு 13,000 லிட்டருக்கு மேல். எங்கள் தெருவுக்கு வரும் பெரிய லாரியே 12,000 லிட்டர்தான். ஒவ்வொரு வீடும் வருஷத்துக்கு ஒரு லாரித் தண்ணீரை வாங்கி நேரே சாக்கடையில் திறந்துவிடுவதாக அர்த்தம். பிளாஸ்டிக் கேனை ஒழித்தோம், ஆரோக்கியமான தண்ணீர் குடிக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வீட்டில், சிங்க் ஓரத்தில் ராத்திரி பகலாக இது நடந்துகொண்டிருந்தது.

அந்தத் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தேன். 1,180. ஏதோ விஷம் ஒழுகுகிறது என்று நினைக்கிறோம், அப்படியெல்லாம் இல்லை. 900-ல் இருந்த உப்பு மூன்று பங்குத் தண்ணீருக்குள் கொஞ்சம் நெருக்கியடித்து நிற்கிறது, அவ்வளவுதான். கக்கூஸில் ஊற்ற இதைவிட நல்ல தண்ணீர் எதற்கு? ஒரு முறை ஃப்ளஷ் செய்தால் பழைய தொட்டிகளில் எட்டு, ஒன்பது லிட்டர் போகிறது. 36 லிட்டர் என்றால் நாலு ஃப்ளஷ். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் ஆர்ஓவால் நஷ்டம் பூஜ்யம். இவ்வளவு எளிமையான விஷயத்துக்கு மெஷினில் ஏற்பாடு என்ன? ஒன்றுமே இல்லை. நல்ல தண்ணீருக்குத் தொட்டி உண்டு, தொட்டி நிறைந்தால் தானே நிற்க மிதவை உண்டு, நீலக் கலரில் விளக்குகூட உண்டு. கழிவுக்கு அந்த ஒரு முழக் குழாய்தான். அது நம்ம பாடு.

நம்ம பாடு எப்படி என்றால், பக்கெட். குழாயைப் பக்கெட்டில் விட்டால், மெஷின் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் ஒரு சொம்பு பிடித்தால்கூட ஓட ஆரம்பித்துவிடும். சமையலறைத் தரை எத்தனை முறை குளமாகியிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. ஜூம் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து "பக்கெட்டு நெரம்பிடுச்சு!" என்று குரல் வரும், நான் ம்யூட் போட்டுவிட்டு ஓடுவேன். ராத்திரி படுக்கப் போகும்முன் கேஸை மூடியாச்சா, கதவைப் பூட்டியாச்சா, பக்கெட்டை மாத்தியாச்சா என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

குழாயை நீட்டி பாத்ரூம் வரைக்கும் கொண்டுபோகலாம் என்று பிளம்பரை அழைத்தேன். வழியில் ரெண்டு நிலைப்படி. மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். சர்வீஸ் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, அவ்ளோ தூரம் மேல தூக்கினா மெம்பரேனுக்கு லோடு ஆகும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்று கைவிரித்துவிட்டார். கழிவைக் குறைக்க வழியில்லையா என்றதற்கு அவர்தான் குழாயின் நடுவே சொருகியிருக்கும் சின்ன வெள்ளை உருளையைக் காட்டினார். எஃப்ஆர் என்பார்கள். கழிவு போகும் வழியைக் குறுக்கி, மெம்பரேனுக்குள் அழுத்தம் நிற்கச் செய்வது அதுதான். அதை இன்னும் சின்ன அளவில் போட்டால் கழிவு குறையும். ஆனால் எங்கள் போர் தண்ணீருக்கு, அடித்துப் போகவேண்டிய சுண்ணாம்பு மெம்பரேன் மேலேயே படியும். "ஆறு மாசத்துல கல்லாயிடும்க்கா."

கல் என்றால் என்ன என்று போன வாரம் பார்த்தேன். கழற்றிய பழைய மெம்பரேனைக் கையில் கொடுத்தார். சுருட்டிய பாய் மாதிரி இருக்கும் அது புதுசாக இருக்கும்போது லேசுதான். இது கனத்தது. ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. முதலில் மண்ணைப் பிடிக்கும் ஸ்பன் ஃபில்டர் வெளியே வந்தபோது செம்மண் நிறம், பிழிந்தால் சேறு. அதையெல்லாம் பார்த்தபோது இந்த மெஷின் பட்ட பாட்டுக்கு மரியாதை வந்தது. பிறகு பில் வந்தது, 4,800 ரூபாய். பழைய மெம்பரேன், ஃபில்டர் கூடு எல்லாவற்றையும் என்ன செய்வது என்றேன். "குப்பையில போட்டுடுங்க" என்றார். கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்வதில்லையாம். இப்போது அவை எங்கள் பரண் மேல் இருக்கின்றன, போன தடவை கழற்றியவற்றுக்குப் பக்கத்தில்.

ஏஎம்சி (வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) பற்றி ஒரே ஒரு வார்த்தை: வருஷம் முடிந்துவிட்டது என்பதற்காக மெம்பரேனை மாற்றாதீர்கள். முந்நூறு ரூபாய்க்கு மீட்டர் கிடைக்கிறது. புதுசில் 60 வந்தது 180-க்கு ஏறினால், அல்லது தொட்டி நிறைய வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுத்தால், அப்போது மாற்றினால் போதும்.

பக்கெட் தண்ணீரை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்றால், பாத்திரத்தின் எச்சிலை முதல் அலசு அலச, பால்கனி கழுவ, மிதியடி ஊறவைக்க. தரை துடைத்தால் காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டு தெரியும், கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீர் வேண்டும். வாஷிங் மெஷினுக்கு வேண்டாம், நுரையே வராது. தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் கறிவேப்பிலை நுனி கருகும், மண் மேலே வெள்ளை பூக்கும். கீழே இருக்கும் தென்னைக்கு ஊற்றுகிறோம், அது உப்பைத் தாங்கும், ஒன்றும் சொல்லவில்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே 500-க்குக் கீழே டிடிஎஸ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும், அனுமதிக்கும் இடங்களிலும் உள்ளே போகும் தண்ணீரில் குறைந்தது 60 சதவீதமாவது நல்ல தண்ணீராக வெளியே வர வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் சொல்லிவிட்டது. என் மெஷின் தருவது 25 சதவீதம். நான் வாங்கியது அந்த உத்தரவுக்குப் பிறகு. கடையில் யாரும் இந்த எண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஏழு கட்டச் சுத்திகரிப்பு, எட்டுக் கட்டச் சுத்திகரிப்பு என்றுதான் பேசினார்கள்.

உண்மையில் என்னைப் புரட்டிப் போட்டது மெஷின் இல்லை, ஐப்பசி மழை. மாமியார் மொட்டை மாடியில் முதல் ரெண்டு மழையை விட்டுவிட்டு, மூன்றாவது மழைக்கு எவர்சில்வர் அண்டாவை வைத்து, வாயில் வேட்டித் துணியைக் கட்டிப் பிடித்தார். சும்மா மீட்டரை விட்டுப் பார்த்தேன். 22. ஐயாயிரம் ரூபாய் மெம்பரேன் தராத எண். நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தோம், பருப்பு வேகவைத்தோம். அந்த வாரம் மெஷின் பெரும்பாலும் சும்மா இருந்தது, பக்கெட்டும் காலி. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம். எங்கள் கட்டடத்திலும் குழி இருக்கிறது, அதற்குள் உடைந்த டைல்ஸும் கட்டட மண்ணும் இருந்தன. அசோசியேஷனில் சண்டை போட்டுத் தூர் வாரினோம். அதற்கப்புறம் மார்கழி, தை மாதங்களில் போர் தண்ணீர் 650 வரை இறங்குகிறது. கழிவின் உப்பும் அதற்கேற்ப இறங்குகிறது, ஃபில்டரும் கூடுதலாக ரெண்டு மாதம் தாங்குகிறது.

ஆக, தீர்ப்பு. பழுதாகி நின்றதில்லை, அடாப்டர் ஒருமுறை போனது தவிர. தண்ணீர் அருமை, பருப்பு அருமை, காப்பி அருமை. கேன் தொல்லை ஒழிந்தது. இதையெல்லாம் கூட்டினால் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் வரவேண்டும். ரெண்டுதான் தருவேன். கழிவுக்கு ஒரு தொட்டியும் ஒரு மிதவையும் வைக்க இவர்களுக்கு மிஞ்சிப்போனால் சில நூறு ரூபாய் ஆகும். அதை வைக்காமல் எனக்கு ஆயுள் முழுக்கப் பக்கெட் வேலை கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் மறுபடி மெம்பரேன் போட்டிருக்கிறேன், அடுத்த தடவையும் போடுவேன். எங்கள் 900-க்கு வேறு வழி தெரியவில்லை.

அடையாறுக்காரிக்கு: உனக்கு மெட்ரோ வாட்டர் வருகிறது என்றால் ஆர்ஓ எதற்கு? முதலில் அளந்து பார். 500-க்குக் கீழே இருந்தால் வடிகட்டிக் கொதிக்க வைத்தால் போதும், அல்லது யுவி மெஷின் (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்வது) வாங்கு, அதில் கழிவே கிடையாது. சம்ப்பில் லாரித் தண்ணீரும் கலக்கிறார்களா என்று வாட்ச்மேனைக் கேட்டு, தனியாக அளந்து பார். கம்பியோடு எவன் வந்தாலும் கதவைத் திறக்காதே. மீட்டர் என்கிட்ட ஒன்று சும்மா இருக்கிறது, திங்கட்கிழமை லஞ்ச் பையில் போட்டுக் கொண்டுவருகிறேன்.