ரூ.38,400 போச்சு: வேகன் மாடல்களை வெதரிங் செய்ய வெளியே கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோபத்தோடுதான் எழுதுகிறேன். முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில் மாடல் வைத்திருக்கும் நம் ஆட்களில் இன்னொருவர் அதே ஆளிடம் பணம் கட்டுவதற்குள் இது அவர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். என்னிடமிருந்து போனது ரூ.38,400. அது போக, நான் கையால் கட்டிய 24 வேகன்களும் பாழாகித் திரும்பி வந்திருக்கின்றன.

பெயர் போட்டால் பதிவையே தூக்கவைத்துவிடுவார்கள், அதனால் போடவில்லை. சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, நம் மாடல் வண்டிகளைக் கூரியரில் வாங்கி, வெதரிங்கும் டீட்டெயிலிங்கும் செய்து திருப்பி அனுப்புவதாகச் சொல்லும் தனிநபர் சேவை. கடை கிடையாது, ரசீது கிடையாது. ஒரு போன் நம்பர், ஒரு யுபிஐ ஐடி, நிறைய அழகான படங்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிட் கட்டி முடித்த வேகன் புது பிளாஸ்டிக் மாதிரி பளபளவென்று இருக்கும். நிஜ வண்டி அப்படி இருக்காது. வெயிலில் வெளுத்த பெயின்ட், வெல்டிங் ஓரத்தில் துரு, சக்கரத்தருகே பிரேக் தூசி, விலா எலும்புகள் மாதிரி நிற்கும் பக்கவாட்டுத் தூண்களின் அடியில் படிந்த மண், இதையெல்லாம் ஆயில் பெயின்டும் பிக்மென்ட் பவுடரும் வைத்துப் படிப்படியாகக் கொண்டுவருவதுதான் வெதரிங். ஏர் ஹோஸ், கைப்பிரேக் சக்கரம், கதவுக் கொக்கி, எண்கள் போன்றவற்றைச் சேர்ப்பது டீட்டெயிலிங். நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் குறைவு. அந்தக் குறையைத்தான் இந்த ஆள் காசாக்குகிறார்.

நான் சேலத்துக்காரன். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி ரயிலேறி மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகும்போது எங்கள் பக்கம்தான் போகும். சேலம், ஓமலூர் தாண்டி மேட்டூர் லைனில் அந்த ரேக்கை, அதாவது ஒன்றோடொன்று கோத்த வேகன் வரிசையை, பார்த்தே வளர்ந்தவன். 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, அந்த ரேக்கை வீட்டில் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நிஜ ரேக்கில் 58 வண்டி. என் வீட்டு மேஜைக்கு 24 போதும் என்று முடிவு செய்து, 3டி பிரிண்ட் ரெசின் கிட்களை வாங்கி ஒவ்வொன்றாகக் கட்டினேன். பதினாறு பாக்ஸ்என், எட்டு பாக்ஸ்என்எச்எல், இரண்டுமே மேலே திறந்த நிலக்கரி வேகன் வகைகள். கட்டுவது என் வேலை. பெயின்டுக்கு மேலே செய்யும் நுணுக்க வேலைக்கு என்னிடம் ஏர்பிரஷும் இல்லை, மாடி வீட்டில் ஸ்ப்ரே அடிக்க இடமும் இல்லை. அதனால்தான் வெளியே கொடுத்தேன்.

இப்போது அந்த நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன். ஏனென்றால் உங்களையும் அங்கேதான் பிடிப்பார்.

விலை கேட்டு மெசேஜ் அனுப்பினேன். விலையைச் சொல்வதற்கு முன் அவரிடமிருந்து வந்த முதல் கேள்வி: "சார், உங்க ரேக் டிப்ளர்ல கவுக்கிற வண்டியா, ஆள் வெச்சு இறக்குற வண்டியா?" எனக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அனல்மின் நிலையத்தில் வேகன் டிப்ளர் என்று ஒரு ராட்சத இயந்திரம் உண்டு. வண்டியை அப்படியே பிடித்துப் பக்கவாட்டில் கவிழ்த்து நிலக்கரியைக் கொட்டும். அப்படிப் போய்வரும் வண்டிகளின் மேல் விளிம்பு நசுங்கி வளைந்திருக்கும். மண்வெட்டியும் ஆளும் வைத்து இறக்கும் வண்டிகளில் கதவுப் பக்கம்தான் அடி வாங்கியிருக்கும். இதைத் தெரிந்தவன் வண்டியை நேரில் நின்று பார்த்தவனாகத்தான் இருப்பான் என்று யாருக்கும் தோன்றும்.

அடுத்த மெசேஜ் இன்னும் மேலே. "லோடு வெச்சு ஓட்டப்போறீங்கன்னா உள்பக்கம் செய்ய வேண்டாம் சார், உங்களுக்குக் காசு மிச்சம்." தன் வரும்படியைக் குறைத்துக்கொள்ளும் ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? ஒரு வண்டிக்கு 1,600 என்று பேசினோம். மொத்தம் ரூ.38,400. பாதி, அதாவது 19,200, முன்பணம். வண்டிகளை ஒவ்வொன்றாக நுரைத்தாளில் சுற்றி அனுப்பினேன்.

கூடவே ஒரு பட்டியலும் அனுப்பினேன். 24 வண்டிக்கும் 24 நிஜ எண்கள். ஓமலூர் கேட்டில் ரேக் மெதுவாகப் போகும்போது நான் சொல்லச் சொல்ல என் மகள் நோட்டில் எழுதியவை. நம் ரயில்வே வேகன் எண் 11 இலக்கம். முதல் இரண்டு வண்டியின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், ஐந்தாவதும் ஆறாவதும் கட்டிய ஆண்டு, அப்புறம் நான்கு அந்த வண்டிக்கே உரிய எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். எண்ணைப் பார்த்தே வண்டியின் வயதைச் சொல்லிவிடலாம். வயதைப் பொறுத்துத்தான் வெதரிங்கும் மாறும். பழைய பாக்ஸ்என்னில் துரு செதில் செதிலாக உரியும். பின்னால் வந்த பாக்ஸ்என்எச்எல் துருப்பிடிக்காத எஃகு உடல், காலி எடை 20.6 டன்தான். அதில் ஆரஞ்சுத் துரு அப்பக் கூடாது, கரித்தூளும் மண்ணும் மட்டும்தான் படிந்திருக்க வேண்டும். இதை நான் தனியாக எழுதி, எட்டு வண்டிகளின் அடியில் துண்டுச்சீட்டும் ஒட்டி அனுப்பினேன். "சூப்பர் சார், உங்கள மாதிரி கஸ்டமர் கெடைக்கணும்" என்று பதில்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதலில் மழை, வார்னிஷ் காயவில்லை. பிறகு ஏர்பிரஷ் ரிப்பேர். பிறகு வீட்டில் விசேஷம். மழைக்காலத்தில் மேட் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூக்கும் என்பது உண்மைதான், அதனால் நான் நச்சரிக்கவே இல்லை. ஒருநாள் ஒரு வண்டியின் வீடியோ வந்தது. அருமையாக இருந்தது. "எல்லாம் இதே மாதிரி ரெடி சார், பேலன்ஸ் போட்டா நாளைக்கே புக்கிங்." மீதி 19,200 அனுப்பினேன். ஆக மொத்தம் ரூ.38,400 அவர் கைக்குப் போய்விட்டது.

பார்சல் வந்தது. நுரைத்தாள் இல்லை. செய்தித்தாளில் சுற்றி, ஒரே அட்டைப்பெட்டியில் 24 வண்டியையும் அடுக்கியிருக்கிறார். பெயின்ட் காயாமலே சுற்றியதால் தாள் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தால், செய்தித்தாளின் எழுத்துகள் இடவலம் மாறி வண்டியின் பக்கவாட்டில் பதிந்திருக்கின்றன. ஏதோ தங்கம் விலைச் செய்தி, இப்போதும் படிக்கலாம்.

ஆயில் பெயின்ட் இல்லை, பிக்மென்ட் இல்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிரவுன் எனாமல் ஸ்ப்ரேயை மேலிருந்து கீழ்வரை அடித்திருக்கிறார். பாக்ஸ்என், பாக்ஸ்என்எச்எல் வித்தியாசமே இல்லை, எல்லாம் ஒரே நிறம். துண்டுச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார். சில வண்டிகளில் மேட் வார்னிஷுக்கு மேல் ஆல்கஹால் கலந்த கறுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) போட்டுப் பார்த்திருக்கிறார் போல, அது வார்னிஷைத் தின்று வெள்ளைப் புகையாகப் பூத்துக் கிடக்கிறது. மேல் விளிம்பில் ஒரு நசுங்கல் கிடையாது. 24 வண்டிக்கும் ஒரே எண். என் பட்டியலின் முதல் எண்ணை எடுத்து எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டார்.

ஒரு வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரத்தைக் கழற்றாமலே ஸ்ப்ரே அடித்திருக்கிறார். தண்டவாளத்தில் உருளும் பகுதி முழுக்கப் பெயின்ட். அந்தப் பகுதி பளிச்சென்று உலோகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயின்ட் தண்டவாளத்தில் ஒட்டும், இன்ஜினுக்குக் கரன்ட் எடுக்காது. அச்சு முனைகளில் பெயின்ட் இறுகி, விரலால் தள்ளினாலும் பாதிச் சக்கரம் சுற்றவில்லை. வண்டிகளை இணைக்கும் கப்ளரின் நகம் மூடியபடியே ஒட்டிவிட்டது. உள்ளே இருக்கும் தலைமுடி கனத்து ஸ்பிரிங் நான்கு வண்டிகளில் காணவே இல்லை. ரூ.38,400 கொடுத்து, ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை ஓடாமல் செய்து வாங்கியிருக்கிறேன். எழுதும்போதே கை நடுங்குகிறது.

படங்கள் எடுத்து அனுப்பினேன். பதில்களை அப்படியே தருகிறேன்.

"வெதரிங்னா அப்படித்தான் சார் இருக்கும், பழசா தெரியணும்ல?"

"பேப்பர் ஒட்டினதுக்கு கூரியர்காரன்தான் பொறுப்பு."

"டிகால் அந்த நம்பர்தான் ஸ்டாக் இருந்துச்சு." டிகால் என்றால் எண் அச்சடித்த ஒட்டுத்தாள். எண்ணை அச்சடிக்கும் காசையும் 1,600க்குள் சேர்த்துத்தான் பேசியிருந்தோம்.

கடைசியில் போன் எடுத்தார். டிப்ளர் நசுங்கல் எங்கே, நீங்கள்தானே முதலில் கேட்டீர்கள் என்றேன். மறுமுனையில் ஒரு நொடி மௌனம். அப்புறம், "டிப்ளர்னா என்ன சார்?" என்றார். அதே நம்பர், அதே குரல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் தொனி மாறியது. "வேலை முடிஞ்சு பொருளும் வந்து சேந்தாச்சு, இனிமே என்ன ரீஃபண்ட்?" பாதியாவது கொடுங்கள் என்றதற்கு, வண்டிகளைத் திரும்ப அனுப்பினால் சரிசெய்து தருகிறேன், அதற்கு வண்டிக்கு 300 ஆகும் என்றார். மறுத்தேன். மறுநாள் பிளாக். அவர் பக்கத்தில் நான் போட்ட கமென்ட்டும் மறைந்துவிட்டது.

இதில் இன்னொன்று. என் புலம்பலைக் கேட்ட மாடலர் ஒருவர் வேறு ஊரிலிருந்து தனியாக எழுதினார். அந்தப் பக்கத்தில் இருக்கும் நல்ல படங்களில் மூன்று அவர் மேஜையில் அவரே எடுத்தவை. அதில் தெரியும் வெட்டுப்பாய், அதன் ஓரத்தில் இருக்கும் தீக்காயம் வரை காட்டினார். டிப்ளரா, ஆள் வைத்து இறக்குவதா என்ற அந்தக் கேள்வியும் அவர் முன்பு எழுதிய ஒரு குறிப்பில் இருந்த வரி, வார்த்தை மாறாமல். எனக்கு வந்த வீடியோவும் அவருடையதுதான், ஓசையை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறார்கள். நல்ல மனுஷர், தன் நுணுக்கத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவர். அவர் உழைப்பைத் திருடித்தான் என்னிடம் தூண்டில் போட்டிருக்கிறார்கள். பணம் போனதைவிட இது எரிகிறது.

பேமென்ட் ஆப்பில் கேட்டேன், நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி வலைத்தளத்துக்குப் புகார் அனுப்பினேன், விதிமீறல் எதுவும் இல்லை என்று தானியங்கிப் பதில். இப்போது 1930க்குப் போன் செய்து சைபர் புகார் பதிந்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் சொல்லியிருக்கிறேன். சாட், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், பார்சல் பிரித்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற மனநிலையில் இவ்வளவுதான் வருகிறது:

மொத்த ரேக்கையும் ஒரே தடவையில் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு வண்டி கொடுங்கள், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தது.

வீடியோ கேட்டால், உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டை வண்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வீடியோ கால் என்றால் இன்னும் நல்லது.

படங்களைக் கூகுளில் தேடிப் பாருங்கள்.

சக்கரத்தையும் கப்ளரையும் நீங்களே கழற்றி வைத்துக்கொண்டு வெறும் உடலை மட்டும் அனுப்புங்கள்.

பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். மோசம் என்று தெரிந்தால் அன்றைக்கே 1930. நாள் தள்ளத் தள்ளப் பணத்தை மடக்குவது கஷ்டம்.

அந்தப் பக்கம் இன்றும் ஓடுகிறது. நேற்று இரவு பெட்ரோல் டேங்கர் வேகன் ஒன்றின் படம் போட்டு, "ஆர்டர்கள் வரவேற்கப்படுகின்றன" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் படமும் யாருடையதோ. உங்களுடையதாக இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம். இதே ஆளிடம் ஏமாந்தவர்களும் எழுதுங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் மீதியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.