மலை உச்சியில் கழற்ற வேண்டிய காலணி: ஒரு சாண்டலின் கதை

முதலில் பழைய ஷூ செத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2014இல் வாங்கிய மலையேற்ற பூட்ஸ். இரண்டே முறை போட்டேன். பிறகு பெட்டியோடு வாசல் ஷூ அலமாரியில் தூங்கியது. போன வருடம் அதை மாட்டிக்கொண்டு இங்கே சிங்கப்பூரில் இருக்கும் புக்கிட் தீமா குன்றில் ஏறப் போனேன். பாதி வழியில் வலது கால் ஏதோ சேற்றில் புதைவதுபோல இருந்தது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்து கிடக்கிறது. இன்னும் நாலு எட்டு வைத்ததும் இடது காலும் வாயைப் பிளந்தது. தலைமுடி ரப்பர் பேண்டு இரண்டைக் கொடுத்து உதவிய சீனப் பெண்மணி நன்றாக இருக்க வேண்டும்.

பசை விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். இல்லை. அடிப்பாகத்தில் நடுவே மெத்தை மாதிரி இருக்கிறதே, அது பல பூட்ஸில் பாலியூரிதேன் நுரை. காற்றின் ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கும். நம் ஊர்க் காற்றில் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலே போதும், சில வருடங்களில் கதை முடிந்துவிடும். மேல் தோல் புத்தம் புதிதாக இருக்கும், அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. வீட்டில் பழைய பூட்ஸ் வைத்திருப்பவர்கள் கட்டை விரலால் அந்த நுரையை அழுத்திப் பாருங்கள். மாவாக வந்தால் குப்பைத் தொட்டிதான்.

சரி, புதிது வாங்கியே ஆக வேண்டும். காரணம், என் மனைவியின் நேர்ச்சை. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை உச்சியில் உள்ள தர்காவுக்கு வந்து ஃபாத்திஹா ஓதுவதாக வேண்டிக்கொண்டாள். பேரன் பிறந்தான். பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகன், "மாமா, செருப்போட வந்துடாதீங்க, அது பாறை மலை" என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டான்.

நானோ முப்பது வருடமாகப் பேருந்து ஓட்டுபவன். பாதம் அகலம், முட்டி சொல்பேச்சு கேட்காது. குவீன்ஸ்வே கடைத்தொகுதியில் நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் கணுக்கால் வரை கயிறு கட்டும் பூட்ஸைத்தான் எடுத்து நீட்டினார்கள். கடைசிக் கடைப் பையனிடம், "தம்பி, மேலே போனதும் இதைக் கழற்ற வேண்டும், தொழுகிற இடம்" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, விரலுக்கு முன்னால் ரப்பர் மூடியும் மூன்று வெல்க்ரோ பட்டையும் உள்ள மலையேற்றச் சாண்டலை எடுத்து வந்தான். 79 சிங்கப்பூர் வெள்ளி. உள்மெத்தை ஈவிஏ என்ற வேறு வகை நுரை, அந்தப் பாலியூரிதேன் இல்லை. கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் வாங்கினேன். சூடுபட்ட பூனை!

ஒரு மாதம் வீட்டு புளோக்கின் படிக்கட்டில் பன்னிரண்டு மாடி ஏறி இறங்கிப் பழக்கினேன். அப்புறம் மறுபடி புக்கிட் தீமா. 163 மீட்டர்தான், ஆனாலும் நம் ஊரில் அதைவிட உயரமான இயற்கைக் குன்று கிடையாது. தார்ச்சாலை வழியாகப் போனால் காலணிக்குச் சோதனையே இல்லை, பாறைப் பாதை வழியாக ஏற வேண்டும். காய்ந்த பாறையில் சாண்டல் பல்லி மாதிரி ஒட்டியது. இலைச் சருகு ஊறிக்கிடந்த ஓரிடத்தில் மட்டும் வழுக்கி, மரவேரைக் கட்டிக்கொண்டேன். பாசிக்கு எந்த ரப்பரும் மசியாது, அதற்காகச் சாண்டலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

கிருஷ்ணகிரி பெங்களூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். முந்தின நாளே போய்த் தங்கி, விடியும்போது ஏறத் தொடங்கினோம். தர்கா மலை என்றால் பூக்கடையும் சர்பத் கடையுமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இது பழைய கோட்டை மலை. வெட்டிய படிகள், இடிந்த மதில், நடுநடுவே முள். 1791இல் மேக்ஸ்வெல் என்ற வெள்ளைக்காரத் தளபதி படையோடு வந்து கீழ்ப்பேட்டையைப் பிடித்துவிட்டார், மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. திப்புவின் ஆட்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்களாம். அந்தச் சரிவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது மேக்ஸ்வெல் மேல் எனக்குப் பரிதாபமே வந்தது. அடுத்த வருடம் திப்பு போட்ட உடன்படிக்கையில்தான் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதியே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது.

ஏறும்போது சாண்டலில் பெரிய குறை ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது பாறை மேல் சிதறிக் கிடக்கும் பொடி மணலைப் பற்றி. வெறும் பாறை பிடிக்கும், அதன்மேல் மணல் இருந்தால் கோலிக்குண்டு மேல் நடப்பதுபோலத்தான். என் மனைவி பக்கவாட்டில் சின்னச் சின்ன எட்டாக வைத்தாள், நானும் அப்படியே பின்தொடர்ந்தேன். திறந்த சாண்டல் என்பதால் சிறு கல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை உதற வேண்டும். ஒரு முள் பக்கவாட்டிலிருந்து குத்தி ரத்தம் பார்த்துவிட்டது. எங்களோடு பூட்ஸ் போட்டு ஏறிய தங்கை மகன் அப்போது ஒன்றும் பேசவில்லை, சிரித்தான்.

அவன் சிரிப்பு உச்சி வரைக்கும்தான். தர்காவுக்குச் சற்றுத் தள்ளியே காலணியை விட வேண்டும். நான் சரக் சரக் சரக்கென்று மூன்று பட்டையைப் பிரித்து உள்ளே போய், ஸலாம் சொல்லி, குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓத உட்கார்ந்தாயிற்று. அவன் வெளியே குந்திக்கொண்டு ஈர முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. எட்டு மணி தாண்டியதும் பாறை சுடுகிறது. சாண்டல் விட்ட இடம் வரை வெறுங்காலில் துள்ளித் துள்ளி வந்தேன். மனைவி மட்டும் பையிலிருந்து கெட்டிப் பருத்திக் காலுறையை எடுத்து மாட்டி நிதானமாக வந்தாள். எனக்கும் ஒரு ஜோடி எடுத்து வந்திருந்தாளாம், கேட்டால்தானே கொடுப்பாள்! மேலே குடிக்க எதுவும் விற்கவில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் சுமந்ததில் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. பாறைக்குழியில் தேங்கிய நீர் பார்க்க மட்டும்தான்.

இறங்கும்போதுதான் சாண்டலின் உண்மையான குறை தெரிந்தது. வெல்க்ரோவில் மணல் புகுந்தால் பிடி தளர்ந்துவிடுகிறது. பாதம் முன்னால் சரிந்து கட்டை விரல் ரப்பர் மூடியில் இடிக்கிறது. மூன்று தரம் நின்று, பட்டையை உதறி, இறுக்கிக் கட்டினேன். ஊர் திரும்பியதும் பழைய பல்துலக்கும் தூரிகையால் சுரண்டியதில் பிடிப்பு முக்கால்வாசி திரும்பியது. கொக்கி வைத்த மாதிரியும் இருக்கிறதாம். அடுத்த முறை அதைத்தான் கேட்பேன்.

கரடுமுரடான காட்டுப் பாதைக்கு இது வேண்டாம். உச்சியில் தர்காவோ கோவிலோ இருக்கிற பாறை மலைக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம் தாராளமாகத் தருவேன். இப்போது பிடோக் ஈரச்சந்தைக்கும் அதையேதான் போட்டுக்கொண்டு போகிறேன், மீன்கடைத் தரையிலும் வழுக்கவில்லை. தங்கை மகன் போன வாரம் போன் பண்ணி, கால் அளவு ஒன்பதில் ஒரு ஜோடி அனுப்பச் சொன்னான்.