புரதக் கரைசல் கலங்குகிறதா? இந்த இரண்டு போத்தலையும் வாங்குங்கள்

முளைவிட்ட பயற்றிலிருந்து ஒரு நொதியைப் பிரித்துப் பளிங்காக்கும் வேலையில் எட்டு மாதமாக இருக்கிறேன், அதில் ஆறு மாதம் ஒரே இடத்திலேயே நின்றேன். நொதி தூய்மையாக வரும். ஆனால் செறிவாக்கத் தொடங்கி மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம் தாண்டியதும் கரைசல் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கிவிடும், மையநீக்கியில் சுற்றினால் குழாயின் அடியில் வெள்ளைப் படிவு. பளிங்கு வளர்க்க வழமையாக 10 மில்லிகிராம் அளவில் தொடங்குவார்கள், நான் அதற்குக் கிட்டவும் போகவில்லை. உப்பைக் கூட்டிப் பார்த்தேன், கொஞ்சம் தாக்குப்பிடித்தது. கிளிசரோல் 10 வீதம் சேர்த்தபோது கலங்கவில்லைதான், ஆனால் பளிங்கு வளர வைத்த துளி பிசுபிசுத்து மூன்று கிழமையாகியும் ஒன்றும் வளராமல் அப்படியே கிடந்தது.

அப்புறம்தான் எல்-ஆர்ஜினின், எல்-குளுட்டாமிக் அமிலம் என்ற இரண்டு அமினோ அமிலங்களை வாங்கினேன். இரண்டையும் சேர்த்துத் தலா 50 மில்லிமோலார் போட்டால் சில புரதங்களின் உச்சச் செறிவு 8 மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று 2004 இல் ஓர் ஆய்வு வந்தது. ஒன்றில் நேரேற்றம், மற்றதில் மறையேற்றம். புரதத்தின் மேற்பரப்பில் தத்தமக்கு எதிரான ஏற்றம் உள்ள இடங்களில் இவை ஒட்டிக்கொள்ள, புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறைகிறது என்பதுதான் விளக்கம்.

கரைப்பதில் ஒரு விசயம் இருக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு ஆர்ஜினின் 0.87 கிராம், குளுட்டாமிக் அமிலம் 0.74 கிராம். குளுட்டாமிக் அமிலத்தைத் தனியாகத் தண்ணீரில் போட்டால் லேசில் கரையாது, நெடுநேரம் மா மாதிரி அடியில் கிடக்கும், நானும் முதல்நாள் அரைமணி நேரம் கலக்கிக்கொண்டு நின்றேன். ஆர்ஜினினைப் போட்டதும் கண்முன்னே தெளிந்துவிட்டது. ஆர்ஜினின் காரம், மற்றது அமிலம், ஒன்றையொன்று நடுநிலையாக்குகின்றன.

ஆனால் ஆர்ஜினின் இரண்டு வடிவத்தில் விற்கிறார்கள், தனி ஆர்ஜினின், ஐதரோகுளோரைட்டு. இரண்டாவது ஏற்கெனவே ஓர் அமிலத்தோடு சேர்ந்தது, ஆகவே குளுட்டாமிக் அமிலத்தை நடுநிலையாக்காது. நான் கேட்டது முதலாவது, கொழும்பிலிருந்து கொரியரில் வந்தது இரண்டாவது. மாற்றித் தர ஒரு மாதம் எடுத்தார்கள், அந்த ஒரு மாதத்தில் நான் பிரித்து வைத்த நொதி பழுதாகிப் போனது, அது இன்னும் ஆறவில்லை. ஆகவே போத்தல் வந்ததும் லேபலைப் பாருங்கள், சந்தேகமென்றால் துளியளவு கரைத்துச் சிவப்புப் பாசிச்சாயத்தாளில் வையுங்கள், நன்றாக நீலமானால் தனி ஆர்ஜினின்தான். 25 கிராம் போத்தலே கிட்டத்தட்ட 3 லீற்றருக்குக் காணும், பெரிதாக வாங்கவேண்டாம். மாரி காலத்தில் எங்கள் ஊர் ஈரக்காற்றில் மூடியைத் திறந்து வைக்காதீர்கள், பொடி கட்டிபட்டுவிடும்.

இன்னொரு வசதி, புரதத்தின் அளவை அது 280 நனோமீற்றர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் பார்ப்பது, இவை இரண்டும் அந்த ஒளியை உறிஞ்சாது, ஆகவே புரதத்தின் அளவை அதே கரைசலிலேயே பார்க்கலாம்.

சரி, என் நொதிக்கு என்ன நடந்தது? 9 மில்லிகிராம் வரை தெளிவாக நின்றது. பிரிட்ஜில் ஐந்து நாள் வைத்தும் கலங்கவில்லை, இடையில் இரண்டு தரம் கரண்ட் போனபோது மட்டும் ஐஸ்பெட்டிக்கு மாற்றினேன். தொங்குதுளி முறையில், அதாவது மூடுகண்ணாடியின் அடியில் துளியைத் தொங்கவிட்டு, ஒரு மைக்ரோலீற்றர் புரதமும் ஒரு மைக்ரோலீற்றர் வீழ்படிவாக்கிக் கரைசலுமாக வைத்தேன். பதினோராம் நாள் நுணுக்குக்காட்டியில் மெல்லிய ஊசிகள் தெரிந்தன. உப்பாக இருக்குமோ என்று பயம், உப்புப் பளிங்கென்றால் குத்தும்போது கல்லுப்போல எதிர்த்து நிற்கும். ஊசிமுனையால் ஒன்றை மெதுவாக அழுத்தினேன், சத்தமில்லாமல் நொருங்கிப் போனது.