கே10-க்கு கிராஸ்ஓவர் ஸ்டீயரிங்: கைக்குச் சுகம், ஆக்சிலில் தீராத கசிவு

லிஃப்ட் செய்த, அதாவது உயரம் ஏற்றிய, செவர்லே கே10 ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்கு கிராஸ்ஓவர் ஸ்டீயரிங் போடலாமா, அதோடு டானா 44 என்ற முன் ஆக்சிலின் டியூபையும் சுற்றி வெல்டு வைத்துவிடலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். இரண்டும் செய்து, ஆண்டுக்கணக்கில் பாறையிலும் சேற்றிலும் ஓடிய வண்டியை வைத்துச் சொல்கிறேன். முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசினாலே எரிச்சல் வருகிறது.

முதலில் நல்லது. கம்பெனியில் வந்த அமைப்பில் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க் என்ற கம்பி முன்பின்னாக ஓடி, சக்கரத்தைத் திருப்பும் இடது நக்கிளின் மேல் இருக்கும் ஆர்மைத் தள்ளி இழுக்கும். கமான் பட்டை அமுங்கும்போது ஆக்சில் ஒரு வளைவில் நகரும், லிங்க்கின் முனை வேறொரு வளைவில் நகரும். அதனால் பள்ளத்தில் இறங்கினாலே சக்கரம் தானாகத் திரும்பும். லிஃப்ட் ஏற ஏற லிங்க் சரிந்து இந்தத் தொல்லை கூடும். கிராஸ்ஓவரில் லிங்க் இடமிருந்து வலமாகப் போய் வலது நக்கிளைப் பிடிக்கிறது. கமான் பட்டை ஆக்சிலைப் பக்கவாட்டில் நகர விடாது, ஆகவே லிங்க் கிட்டத்தட்ட மட்டமாக இருந்தால் குலுக்கல் ஸ்டீயரிங்குக்கு வருவதே இல்லை. பாறை மேல் ஒரு சக்கரம் தொங்கினாலும் வண்டி வைத்த கோட்டில் போகிறது. இவ்வளவு மாறும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

இதற்கு வேண்டிய ஸ்டீயரிங் பாக்ஸ் அதே காலத்து டூ வீல் டிரைவ் செவர்லே டிரக்கில் இருக்கிறது. சேசிஸில் அதே துளைகளில் உட்காரும். பாக்ஸிலிருந்து லிங்க்கைத் தள்ளும் பிட்மேன் ஆர்ம் மட்டும் முன்பின்னாக ஆடாமல் பக்கவாட்டில் ஆடும். வலது நக்கிள் மேல்பக்கம் தட்டையாக வார்த்ததாக இருக்க வேண்டும். அதை மில்லிங் மெஷினில் சுத்தமான தளம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் சீவி, மூன்று ஸ்டட் துளை போட்டு மரை வெட்ட வேண்டும். ஸ்டட் நட்டுகளுக்குக் கூம்பு வாஷர் கட்டாயம். ஆர்ம் துளி அசையாமல் பிடிப்பது அந்தக் கூம்புதான். ஒரு நட்டு தளர்ந்தால் ஆர்ம் நக்கிள் மேல் தேய ஆரம்பிக்கும், பிறகு ஸ்டட் வெட்டுப்படும். முதல் கரடுமுரடான ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறை, அப்புறம் ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

டிராக் லிங்க்குக்கு 1¼ அங்குலம் வெளிவிட்டம், 0.219 அங்குலச் சுவர் கொண்ட டிஓஎம் எனும் இழுத்துச் செய்த உருக்குக் குழாய் போதும். உள்விட்டம் 0.812 வருவதால் ஒரு டன் டிரக்கின் டை ராடு எண்டு என்ற பந்து மூட்டுக்கான 7/8-18 (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18) மரையை நேரடியாக வெட்டலாம். ஒரு முனை இடது மரை, ஒரு முனை வலது மரை. ஆர்ம் துளையைக் கூம்பாக்க, அடிக்கு 1½ அங்குலச் சரிவுள்ள ரீமர் என்ற சீவும் கருவி. எண்ணெய் விட்டு மெதுவாக, ஒவ்வொரு சுற்றுக்கும் எண்டைப் போட்டுப் பார்த்துச் சீவ வேண்டும். அதிகம் போய்விட்டால் ஆர்ம் வீண். முழுத் திருப்பத்தில் நிறுத்தும் வேலை நக்கிளின் ஸ்டாப் போல்ட்டுடையது. பாக்ஸ் முட்டி நிற்கக் கூடாது.

1973 முதல் 1987 வரை வந்த ஜிஎம் ஃபோர் வீல் டிரக்குகளில் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேசிஸ் விரிசல் விடுவது ஊரறிந்த குறை. கிராஸ்ஓவரில் அந்த இடத்துக்குப் பக்கவாட்டு இழுப்பும் சேர்கிறது. விரிசல் முடியும் இடத்தில் சிறு துளை போட்டு, வி வடிவில் தேய்த்து, 7018 வெல்டிங் ராடில் நிரப்பி, மேலே 3/16 அங்குலத் தகடு வையுங்கள். தகட்டின் முனை நேர்க்கோடாக முடியாமல் கூர்ந்து முடியட்டும். போல்ட் துளைகளுக்குள் குழாய்த் துண்டு வைத்தால்தான் இறுக்கும்போது சேசிஸ் நசுங்காது.

இனி எரிச்சலுக்கு வருவோம். டானா 44-இன் நடுப்பகுதி வார்ப்பிரும்பு. உருக்கு டியூபை அதில் அழுத்திச் செருகி, துளை வழியே பிளக் வெல்டு வைத்திருப்பார்கள். பெரிய டயர் போட்டுப் பாறையில் மோதும்போது டியூப் சுழலும் என்பதால் மூட்டைச் சுற்றி வெல்டு வைக்கச் சொல்வார்கள். வார்ப்பிரும்பில் கார்பன் 3 சதவீதத்துக்கு மேல். சாதா ராடு வைத்தால் வெல்டுக்கு ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் கெட்டியாகி, ஆறும்போது சுருங்கும் இழுப்பில் பிளக்கும். அதனால் 55 சதவீத நிக்கல் ராடு. கியர், பேரிங், சீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சுமார் 250 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் மட்டும் வைத்து, சூடு இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டி, அடுத்ததை எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். கடைசியில் வெல்டிங் போர்வை சுற்றி இரவு முழுக்க ஆறவிட வேண்டும்.

இவ்வளவும் முறையாகச் செய்த மூட்டில்தான் கசிவு. வெல்டில் இல்லை. அதற்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி, வார்ப்பிரும்புப் பக்கம், மயிரிழை விரிசல். பட்டறையைக் குறை சொல்ல முடியாது. பழைய வார்ப்பு கியர் ஆயிலை உறிஞ்சியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் சூடேறும்போது அது வெளியே வந்து குமிழி விடும். முதல் வெல்டை வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தால்தான் ஓரளவு அடங்கும். அதோடு கனமான நடுப்பகுதியும் மெல்லிய டியூபும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. நேர்மையாகச் சொன்னால் டியூப் இம்மி சுழலவில்லை. மூட்டுக்குக் குறுக்கே போட்ட பெயின்ட் கோடு இன்றும் நேராக இருக்கிறது. வேலை தன் கடமையைச் செய்கிறது. ஆனால் துடைத்த மறுவாரமே ஆயிலும் புழுதியும் அப்பிய கறுப்பு வளையம் தெரிகிறது. அந்த இடத்தில் மறுபடி வெல்டு வைத்தால் விரிசல் நீளும் என்பதால் கைவைக்கவும் முடியாது. 35 அங்குல டயருக்கு உட்பட்ட வண்டிக்குக் கம்பெனி பிளக் வெல்டே போதும் என்பது என் முடிவு. அதற்கு மேல் போகிறவர்கள் கனமான ஆக்சில் வாங்கட்டும்.

நக்கிள், பிட்மேன் ஆர்ம், ஸ்டீயரிங் ஆர்ம், போல்ட் பிடிக்கும் காது உடைந்த ஸ்டீயரிங் பாக்ஸ் ஆகியவற்றுக்கு எந்த ராடாலும், யார் கையாலும் வெல்டு வேண்டாம். அவை முன்னறிவிப்பில்லாமல் உடையும், அப்போது வண்டி உங்கள் கையில் இருக்காது. மாற்றுப் பாகம் கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும்.

ஏற்கெனவே வெல்டு வைத்து ஆக்சில் கசிகிறதென்றால் முதலில் அதன் காற்றுத் துவாரமான பிரீதரைப் பாருங்கள். சேறு அடைத்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி ஆயில் விரிசல் வழியே தள்ளப்படும். பிரீதரை எடுத்து, ஒரு ஹோஸ் போட்டு என்ஜின் அறைக்குள் உயரமாக ஏற்றிய பிறகு கசிவு பாதிக்கு மேல் குறைந்தது. மீதி இன்னும் வந்துகொண்டிருக்கிறது.